குறை சொல்ல ஆள் தேவை

சீ-கிரெஸ்ட் விடுதி, பிரிட்லிங்டன்
6 ஏப்ரல் 1997

அன்புத் தம்பி நெவிலுக்கு,

அக்கா லொரேன் எழுதுகிறேன். இங்கே நானும் என் முழங்காலும் சௌக்கியம். உன் நெஞ்சுச் சளி எப்படி இருக்கிறது? லீட்ஸ் ஈரத்துக்கு வெந்நீர் குடி, மப்ளரைக் கழற்றாதே.

ஒரு செய்தி. நான் படிக்கிறேன்! படிப்பு என்றால் புத்தகம், பேனா எல்லாம் இல்லை. விருந்தினர் சேவையில் மூன்றாம் நிலைத் தொழில் தகுதிச் சான்றிதழ். பரீட்சை கிடையாது. நான் வழக்கம்போல வேலை செய்வேன். மதிப்பீட்டாளர் ஒருவர் வந்து ஓரமாக நின்று பார்ப்பார். சரியாகச் செய்கிறேன் என்று அவர் கண்ணால் பார்த்தால்தான் கையெழுத்து.

எதற்கு இந்த வயதில் என்று கேட்பாய். மேலாளர் திருமதி பிளெங்கின் இந்த சீசனோடு ஓய்வு பெறுகிறார். அக்டோபர் முடிவதற்குள் சான்றிதழ் கையில் இருந்தால் அந்த நாற்காலி எனக்கு என்று முதலாளி வாக்குக் கொடுத்திருக்கிறார். இல்லாவிட்டால் அவருடைய மருமகன் வருவான். வணிக நிர்வாகப் பட்டதாரி. போன கோடையில் வேலை பழக இங்கே வந்து தங்கினான். படுக்கை விரிப்பு மாற்றித் தரச் சொன்னதற்கு, விரிப்பு மாற்றுவது பற்றித் திட்ட அறிக்கை எழுதிக் கொடுத்தான். பதினாறு வயதிலிருந்து இங்கே கிடக்கும் நான் அவனுக்கு டீ கொண்டுபோய் வைக்க வேண்டும். நினைத்தாலே வயிறு எரிகிறது.

அம்மாவிடம் இப்போது சொல்லாதே. கணப்புக்கு மேலே நீ கறுப்பு அங்கி போட்டு நிற்கும் படம் இருக்கிறதல்லவா, கேஸ் மீட்டர் பார்க்க வந்தவரைக்கூட அதன் முன்னால் நிறுத்திவிட்டாள். "என் பையன் டாக்டர். ஊசி போடற டாக்டர் இல்ல, அதுக்கும் மேல" என்றாளாம். அந்தப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சட்டத்துக்கு இடம் இருக்கிறது. பார்த்து வைத்திருக்கிறேன்.

விடுதித் தொலைபேசியில் சொந்தக் கதை பேசினால் பிளெங்கின் பக்கத்தில் வந்து தூசி தட்டுவார். அதனால் கடிதமே போடு.

அன்புடன்,
அக்கா லொரேன்

லீட்ஸ்
20 ஏப்ரல்

அன்புள்ள அக்கா,

நீயும் முழங்காலும் நலம் என்பதில் மகிழ்ச்சி. சளி போய்விட்டது. இருமல் மட்டும் வாடகை கொடுக்காமல் தங்கியிருக்கிறது.

சிரித்துவிட்டேன், கோபிக்காதே. இருபது வருஷமாகச் செய்கிற வேலையை இன்னொரு தரம் செய்து காட்டினால் சான்றிதழா? அப்படியானால் மூச்சு விடுவதற்கு எனக்கும் ஒன்று தரலாம். படிப்பு என்பது தெரியாததைத் தேடிப் போவது, அக்கா. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் யார்க்‌ஷயர் தேவாலய வழக்குகளில் மக்கள் எப்படி மன்னிப்புக் கேட்டார்கள் என்று ஏழு வருஷம் பழைய காகிதங்களில் தும்மினேன். மன்னிப்பு மூன்று வகை என்று நிறுவினேன். தலைகுனிந்து கேட்பது, தலைநிமிர்ந்து கேட்பது, தலையைச் சொறிந்துகொண்டு கேட்பது. இதையெல்லாம் ஓரமாக நின்று பார்த்து ஒருவர் கையெழுத்துப் போட முடியுமா?

உன் மூன்றாம் நிலை பள்ளி இறுதி வகுப்புக்குச் சமம் என்று அரசாங்க அட்டவணை சொல்கிறது. ஆகட்டும், வாழ்த்துகள்.

இனிமேல் பல்கலைக்கழக முகவரிக்கு எழுதாதே. அங்கே தபால் பிரிப்பவர்கள் சரியில்லை. வீட்டு முகவரிக்கே போடு. அம்மாவிடம் நான் நன்றாக இருப்பதாகச் சொல்.

உன் தம்பி,
நெவில்

பிரிட்லிங்டன்
18 மே

அன்புத் தம்பிக்கு,

இங்கே வெயிலும் மழையும் ஒரே நேரத்தில். முழங்கால் இரண்டையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. உன் இருமல் காலி செய்துவிட்டதா?

மன்னிப்பில் டாக்டர் பட்டம் வாங்கியவனே, என் சைக்கிளைக் கால்வாயில் தள்ளினாயே, உன் மூன்று வகையில் எதிலாவது மன்னிப்புக் கேட்டாயா? அட்டவணை காட்டுகிறான்! நீ லத்தீனில் நூற்றுக்கு நாற்பத்தொன்று வாங்கித் தேறினாய். பாதிக்குமேல் தெரியாது, ஆனாலும் பாஸ். இங்கே அந்தக் கதை நடக்காது. ஒன்பது பேரைச் சிரித்து வரவேற்றுவிட்டுப் பத்தாவது ஆளைப் பார்த்து முகம் சுளித்தால் அந்தப் பகுதி முழுக்கப் போச்சு.

மதிப்பீட்டாளர் பெயர் திரு. ஸ்வேல். பயணிக் கப்பலில் பணியாளராக இருந்தவர். வரவேற்பறையில் ரப்பர் செடிக்குப் பின்னால் நிற்கிறார். வந்தவர்களில் பாதிப்பேர் அவரிடம் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்கள். எல்லாப் பகுதியிலும் கையெழுத்து வாங்கிவிட்டேன், ஒன்றைத் தவிர. அதிருப்தியடைந்த விருந்தினரைச் சமாளிக்க வேண்டும். நிஜப் புகாராக இருக்க வேண்டும், நடிப்புக் கூடாது. அவர் முன்னால் நடக்க வேண்டும்.

சிக்கல் அங்கேதான். யாரும் குறை சொல்ல மாட்டேன் என்கிறார்கள்! நம் ஜனங்கள் உனக்குத் தெரியாதா? செருப்புத் தோலாட்டம் முட்டை வைத்தால் "அருமைங்க" என்கிறார்கள். ஹாலிஃபாக்ஸிலிருந்து வந்த திரு. கிரீன்ஹால்ஷ் குளித்துக்கொண்டிருந்தபோது குளியலறைக் கூரை பெயர்ந்து தலையில் விழுந்தது. நான் அலறியடித்துக்கொண்டு ஓடினேன். ஸ்வேலும் பேனாவைத் திறந்தபடி பின்னாலேயே வந்தார். மனிதர் காரையை முடியிலிருந்து உதறிக்கொண்டு, "பரவால்ல கண்ணு, முக்காவாசி தொட்டிக்கு வெளியிலதான் விழுந்துச்சு" என்கிறார்! ஸ்வேல் பேனாவை மூடிவிட்டார்.

அம்மாவுக்கு ஒரு போன் போடேன். நீ படிக்கப் போன பிறகுதானே வீட்டுக்குத் தொலைபேசி வந்தது, அவளுடைய தொலைபேசிக் குரலை நீ கேட்டதே இல்லை. மணி அடித்தால் போதும், நிமிர்ந்து உட்கார்ந்து துரைசானியாகிவிடுவாள். பாதிரியார் ஒருநாள் தப்பான எண் என்று வைத்துவிட்டார்.

அக்கா

பிரிட்லிங்டன்
15 ஜூன்

அன்புத் தம்பிக்கு,

பதில் இல்லையே, உடம்புக்கு ஒன்றும் இல்லையே? நான் நலம் என்று சொல்லிக்கொள்கிறேன்.

வேறு வழியில்லாமல் வேலையை வேண்டுமென்றே கெடுக்க ஆரம்பித்துவிட்டேன். ஆறிப்போன டீ கொடுத்தேன். "சூடு ஆத்தற வேலை மிச்சம்" என்றார்கள். லிஃப்ட் ராத்திரியெல்லாம் கடகடக்கும் அறையைக் கொடுத்தேன். "ரயில்ல போற மாதிரி சொகமா இருந்துச்சு." கடைசியில் டாட்மார்டன் ஊரிலிருந்து வந்த தம்பதிக்குப் பாதி வெந்த மீனை வைத்தேன். அந்த அம்மாள் அதைக் கைக்குட்டையில் மடித்து ஜன்னல் வழியாகக் கடற்பறவைக்குப் போட்டுவிட்டு, சமையலறை வரைக்கும் வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டார், அவ்வளவு நல்ல மீனை முழுக்கச் சாப்பிட முடியவில்லையே என்று. சமையல்காரர் டெஸ்மண்ட் என்னோடு பேசுவதில்லை.

ஸ்வேலிடம், "என் தம்பிய வரச் சொல்லிக் கத்த வெக்கட்டுமா?" என்று கேட்டேன். "சொந்தக்காரங்க கத்தினா அது புகார் இல்லம்மா, குடும்பம்" என்று சொல்லிவிட்டார்.

முதலாளியின் மருமகன் நேற்று வந்து என் மேஜையின் நீள அகலத்தை டேப் வைத்துப் பார்த்துவிட்டுப் போனான். பயமாக இருக்கிறது, நெவில். பழிக்காமல் ஒரு யோசனை சொல்.

அக்கா

லீட்ஸ்
10 ஜூலை

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்குப் பொறுத்துக்கொள். வகுப்புகள், மாணவர்கள், மூச்சு விட நேரமில்லை. உடம்பு நலம், தொண்டை மட்டும் சாயங்காலமானால் கட்டிக்கொள்கிறது.

உன் தவறு எங்கே என்று சொல்கிறேன். நம் ஜனங்கள் முகத்துக்கு நேரே ஆடு, தொலைபேசியில் புலி. வீட்டுக்குப் போய், கதவைச் சாத்தி, செருப்பை மாற்றி, ஒரு டீ குடித்த பிறகுதான் அவர்களுக்குக் கோபம் வரும். அப்போது நீ எதிரில் இருப்பதில்லை. ஊர் திரும்பியவர்களைக் கூப்பிட்டு, தங்கியது எப்படி இருந்தது என்று கேள். ஸ்வேலைப் பக்கத்தில் உட்கார்த்தி வை.

கத்தும்போது குறுக்கே பேசாதே. "ஆனால்" என்ற சொல்லை வாயிலிருந்தே எடுத்துவிடு. அவர்கள் மூச்சு வாங்க நிறுத்துவார்கள். அது முடிவு இல்லை, இன்னொரு சுற்று இருக்கிறது. இரண்டாவது தடவை நிறுத்தும்போது பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேள். செய்ய முடிகிறதை மட்டும் சொல். ரசீதைத் தொலைத்தவர்கள்தான் ரொம்பச் சத்தம் போடுவார்கள், அவர்களிடம் ரசீது பேச்சையே எடுக்காதே.

எப்படித் தெரியும் என்று கேட்காதே. எல்லாம் ஆராய்ச்சி.

நெவில்

பிரிட்லிங்டன்
27 ஜூலை

என் தங்கத் தம்பிக்கு,

நலமா என்று கேட்க மறந்துவிடுவேன் போலிருக்கிறது, அவ்வளவு சந்தோஷம். நலமா?

முதலில் ஹாலிஃபாக்ஸ் கிரீன்ஹால்ஷைக் கூப்பிட்டேன். "வணக்கம் சார், எங்க விடுதியில தங்கினது எப்படி இருந்துச்சு?" அவ்வளவுதான். "எப்படி இருந்துச்சா? கூரையே தலைமேல விழுந்துச்சும்மா! மனுஷன் குளிக்கிறதா, கட்டடம் கட்டறதா? அந்த முட்டைய என் மச்சினன்கிட்ட காட்டினேன், ஷூவுக்கு அடியில ஒட்டலாம்ங்கறான்!" முட்டையை ஊருக்கு எடுத்துப் போயிருக்கிறார், நெவில்! ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன், ஸ்வேலுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. முதல் நிறுத்தத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. நீ சொன்னபடியே இன்னொரு சுற்று வந்தது. அப்புறம் பெயர் சொல்லி மன்னிப்புக் கேட்டேன், அறை வாடகையில் பாதியைத் திருப்பித் தருவதாகச் சொன்னேன். கடைசியில் அவரே, "அடுத்த வருஷமும் அதே ரூமுதான் வேணும். கூரை ஏற்கெனவே விழுந்தாச்சு, இனிமே பயமில்ல" என்று முன்பதிவு செய்தார்.

ஸ்வேல் கையெழுத்துப் போட்டுவிட்டார். மேலிடத்திலிருந்து ஒருவர் கோப்பைச் சரிபார்த்தால் அக்டோபரில் சான்றிதழ் வரும்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. ஜூலையில் பல்கலைக்கழகம் விடுமுறை அல்லவா? யாருக்கு வகுப்பு?

அக்கா

பிரிட்லிங்டன்
24 ஆகஸ்ட்

அன்புத் தம்பிக்கு,

பதில் வரவில்லை. பரவாயில்லை, வேலை இருக்கும். தொண்டைக்குத் தேன் குடி.

அறைகளுக்குப் புதிதாக வாங்கிய கெட்டில்கள் அடியில் ஒழுகுகின்றன. அம்மாவுக்கு ஒன்று வாங்கித் தரலாம் என்று முன்பு நினைத்ததுண்டு. "கரண்டும் தண்ணியும் ஒரே பாத்திரத்துல கூடாது" என்று அடுப்பில் பாத்திரம் வைத்துத்தான் கொதிக்க வைக்கிறாள். அவள் சொன்னதும் சரிதான் போலிருக்கிறது.

கெட்டில் கம்பெனியின் புகார் எண்ணுக்குப் போன் செய்தேன். "ட்ரெவர் பேசறேன் மேடம், சொல்லுங்க" என்று ஒருவர் எடுத்தார். சாயங்காலம் தொண்டை கட்டினாற்போல ஒரு குரல். நான் என் பெயரைச் சொல்லவில்லை. நன்றாகக் கத்தினேன். முதல் நிறுத்தத்தில் அவர் பேசவில்லை. இரண்டாவது நிறுத்தத்தில்தான் மன்னிப்புக் கேட்டார், அதுவும் மூன்று விதமாக.

ரிசீவரை மறு காதுக்கு மாற்றி வைத்துக்கொண்டேன். அப்புறம், "இன்னொரு பழைய புகாரும் இருக்கு. சின்ன வயசுல என் சைக்கிளை ஒருத்தன் கால்வாயில தள்ளிவிட்டான்" என்றேன். அந்தப் பக்கம் ஒரே இருமல். பிறகு, "அதுக்கும் கம்பெனி சார்பா மன்னிப்புக் கேட்டுக்கறேன் மேடம்" என்றார். என்ன அருமையான பையன்!

அவர் வேலையைப் பாராட்டி கம்பெனிக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். ஒருவேளை அவரும் என்னைப்போல ஏதாவது சான்றிதழுக்கு முயற்சி செய்துகொண்டிருக்கலாம், யார் கண்டது? ட்ரெவரைப் பெற்றவள் கொடுத்து வைத்தவள் என்றும் எழுதினேன்.

வேறு விசேஷம் இல்லை.

அக்கா

லீட்ஸ்
14 செப்டம்பர்

அக்கா,

கடிதம் கிடைத்தது. நலம். எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. பிறகு எழுதுகிறேன்.

நெவில்

லீட்ஸ்
12 அக்டோபர்

அன்புள்ள அக்கா,

முழங்கால் எப்படி இருக்கிறது? எனக்கு உடம்பு நலம், மனசு இப்போதுதான் கொஞ்சம் தேறியிருக்கிறது.

உனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் உனக்குத் தெரியும். ஆனாலும் நான் சொல்ல வேண்டும். போன கிறிஸ்துமஸோடு பல்கலைக்கழக ஒப்பந்தம் முடிந்துவிட்டது. புதுப்பிக்கவில்லை. முந்நூறு வருஷத்துக்கு முந்திய மன்னிப்புகளுக்கு இப்போது பணம் ஒதுக்க முடியாதாம். ஜனவரியிலிருந்து கெட்டில் கம்பெனியில் இருக்கிறேன். ட்ரெவர் என்று ஏன் பெயர் என்றால், அங்கே ஏற்கெனவே ஒரு நெவில் இருந்தார். அவர் வேதியியல் டாக்டர்.

உன்னைப் பழித்தேனே, அதற்குக் கிடைத்த தண்டனையையும் கேள். கம்பெனி என்னையும் தொழில் தகுதிச் சான்றிதழுக்குச் சேர்த்துவிட்டது. உன்னுடையது மூன்றாம் நிலை. என்னுடையது இரண்டாம் நிலை, அக்கா! சிரித்துக்கொள். எல்லாப் பகுதியும் முடிந்து ஒன்றில் மாட்டிக்கொண்டேன். வாடிக்கையாளர் தானாக முன்வந்து பாராட்டி எழுதிய கடிதம் ஒன்று வேண்டும். நாள் முழுக்கப் புலிகள் உறுமும் இடத்தில் பாராட்டுக்கு எங்கே போவது? உனக்குக் குறை சொல்ல ஆளில்லை, எனக்கு நிறை சொல்ல ஆளில்லை. உன் கடிதம் வந்தது. கண்காணிப்பாளர் அதை எல்லோருக்கும் உரக்க வாசித்துக் காட்டினார். பெற்றவள் கொடுத்து வைத்தவள் என்ற இடத்தில் நான் கழிப்பறைக்குப் போய்விட்டேன்.

சொல்லாமல் மறைத்ததற்கு மன்னித்துவிடு. இது தலைகுனிந்து கேட்பது. சைக்கிளுக்குக் கம்பெனி கேட்டது போதாது, நானும் கேட்கிறேன்.

நான் மறைத்தது அம்மாவுக்காக. அந்தப் படத்தின் முன்னால் கேஸ் மீட்டர்க்காரரை நிறுத்துகிறவளிடம் நான் எப்படிச் சொல்வேன்? போன் செய்தால் கேட்டுவிடுவாள் என்றுதான் போனே செய்வதில்லை. நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

ஒரே ஒருவர் மட்டும் இங்கே என்னிடம் ஆரம்பத்திலிருந்தே அன்பாகப் பேசுகிறார். ஹாரோகேட்டிலிருந்து திருமதி ஃபார்குவர்சன், பெரிய இடத்து அம்மாள். கெட்டில் சரியான சுருதியில் விசில் அடிப்பதில்லையாம். வியாழக்கிழமை தவறாமல் கூப்பிட்டு ட்ரெவர்தான் வேண்டும் என்பார். பாவம், இத்தனை மாதமாகக் கஷ்டப்படுகிறார். அவருக்குப் புதுக் கெட்டில் ஒன்றை நானே அனுமதி வாங்கி அனுப்பி, அந்தப் புகாரை ஒரேயடியாக முடித்து வைக்கப்போகிறேன். முகவரி கேட்டால்தான் மழுப்புகிறார்.

உன் தம்பி,
நெவில் (ட்ரெவர்)

பிரிட்லிங்டன்
1 நவம்பர்

அன்புத் தம்பி நெவிலுக்கு,

சான்றிதழ் வந்தது! திருமதி பிளெங்கின் சாவிக்கொத்தைக் கையில் கொடுத்துவிட்டு ஒரே அழுகை. முதலாளியின் மருமகன் பொறாமைப்படாமல் கை குலுக்கினான். அவனையும் இரண்டாம் நிலையில் சேர்த்துவிட்டேன். படுக்கை விரிப்பிலிருந்து ஆரம்பிக்கிறான்.

வியாழக்கிழமை சான்றிதழை எடுத்துக்கொண்டு அம்மாவைப் பார்க்கப் பேட்லி போனேன். உன் விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். கதவைத் திறந்தால் அம்மா மாடிப்படியில் நல்ல சட்டை, முத்துமாலையோடு உட்கார்ந்து தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கிறாள். துரைசானிக் குரல்.

"ஆம், விசில் இன்றும் சற்றுத் தாழ்வாகவே ஒலித்தது. அது கிடக்கட்டும், தாங்கள் மதிய உணவு உட்கொண்டீர்களா? வெறும் ரொட்டியா? தொண்டை கட்டியிருக்கிறதே, கழுத்தில் மப்ளர் அணிந்திருக்கிறீர்களா, ட்ரெவர்?"

என்னைப் பார்த்து வாயில் விரலை வைத்தாள். பேசி முடித்து ரிசீவரை வைத்ததும் கேட்டேன்.

"அம்மா, உன்கிட்ட கெட்டிலே கெடையாதே!"

"அது அவனுக்குத் தெரியுமா?"

"எப்பலேர்ந்து இந்தக் கூத்து?"

"பிப்ரவரியில பக்கத்து வீட்டு பெரில் கெட்டில் ரிப்பேருக்குப் போன் பண்ணினா. ‘ஏன் மேவிஸ், உன் டாக்டர் பையன் கொரல் மாதிரியே இருக்கே’ன்னா. மறுநாளே நான் போட்டுப் பாத்தேன். அவனேதான். என்ன பதவிசு! ஒழுகற கெட்டிலுக்கு அவன் மன்னிப்புக் கேட்ட அழகைக் கேட்டிருக்கணும் நீ. படிச்சது வீண் போகல லொரேன்."

"அவன்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா வெக்கப்படுவான். வெக்கப்பட்டா போனை எடுக்க மாட்டான். டாக்டரா இருந்தப்ப வருஷத்துக்கு ஒருதரம் நேர்ல வந்தாத்தான் கொரலைக் கேட்டேன். ட்ரெவரானப்புறம் வாரா வாரம் கேக்கறேன்."

நான் ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து அழுதோம், சிரித்தோம், அடுப்பில் தண்ணீர் வற்றிப்போனது. என் சான்றிதழைக் கணப்புக்கு மேலே மாட்டியாகிவிட்டது. உன் படத்துக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் இன்னொரு ஆணி அடித்து வைத்திருக்கிறாள். இரண்டாம் நிலை வந்ததும் அனுப்பு.

எனக்கு நீ ஒரே ஒரு உபகாரம் செய்ய வேண்டும், தம்பி. நான் கிளம்பும்போது அம்மா வாசல் வரைக்கும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகம் அவ்வளவு வாடி நான் பார்த்ததில்லை. "புதுசு அனுப்பறேங்கறான், லொரேன்! கெட்டில் சரியாயிடுச்சுன்னா நான் எதைச் சொல்லி அவனுக்குப் போன் பண்ணுவேன்?"

அந்தக் கெட்டிலை அனுப்பாதே. அடுத்த வியாழக்கிழமை அவள் கூப்பிடுவதற்கு முன்னால் நீ கூப்பிடு. ட்ரெவர் வேண்டாம், நெவிலே பேசட்டும். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
உன் அக்கா லொரேன்
மேலாளர், சீ-கிரெஸ்ட் விடுதி